என் தவறுகளைத் திருப்பித் தரவும்

அரியலூர்,
10.2.2026, செவ்வாய்க்கிழமை, காலை 9.10.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. அறிவரசன் அவர்களுக்கு, காசிநாதன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நானும் வளர்மதியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நேற்று மாலை ஐந்து மணி வரை பெரம்பலூரில் துறையூர் சாலையிலுள்ள உங்கள் வீட்டு மாடியில்தான் நான் இருந்தேன். தாங்கள் நலமாக இருப்பதை நேரில் பார்த்தேன். என்னைவிட நலமாகவே இருந்தீர்கள். ஓசூரிலிருந்து மாப்பிள்ளை மணிமாறனும் என் மகள் கவிதாவும் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினார்கள், அவர்களும் நலம். ஆகவே நல விசாரிப்பு இத்துடன் முடிகிறது.

வளர்மதி பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். மேலே எழுதியதை எட்டிப் படித்துவிட்டு, "பொண்ணு குடுத்த வூட்டுக்கு இப்படியா எழுதுவாங்க? நேத்து சம்மந்தியம்மா குடுத்தனுப்புன முறுக்கு நல்லா இருந்துச்சுன்னு மொதல்ல எழுதுங்க" என்கிறாள். முறுக்கு நன்றாக இருந்தது. எள் கொஞ்சம் அதிகம்.

இனி விஷயம். தாங்கள் அச்சிட்டு முப்பது பிரதி போட்டு வழங்கியிருக்கும் 'எளிய லினக்ஸ் வழிகாட்டி' என்ற பதினாறு பக்கப் புத்தகத்தை உடனடியாகத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொள்கிறேன் என்பது வளர்மதிக்காகப் போட்ட சொல். வலியுறுத்துகிறேன் என்று படிக்கவும். ஒரு நாளிதழுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் அரியலூரிலிருந்து செய்தி அனுப்பியவன் நான். கோபம் வந்தாலும் நடந்ததை நடந்த வரிசையில்தான் சொல்லுவேன்.

2024ஆம் ஆண்டு தொடக்கத்தில் என் மடிக்கணினி திறப்பதற்குப் பதினொரு நிமிடம் எடுத்துக்கொண்டது. கடிகாரம் வைத்துப் பார்த்த கணக்கு இது. பொங்கலுக்கு வந்த மாப்பிள்ளை அதிலிருந்த பழைய அமைப்பை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். "மாமா, இது இலவசம். நல்லா ஓடும். கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்" என்றார். மறுநாள் ஓசூர் போய்விட்டார். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இருபது மாதம் பிடித்தது. அந்த இருபது மாதமும் நான் என்ன செய்தேன், என்ன நடந்தது என்பதை, தேதி, கிழமை, மணி போட்டு ஒரு பெரிய நோட்டில் எழுதிவந்தேன். வலது பக்கம் செய்முறை; அதற்கு நேர் இடது பக்கம், அதைச் செய்யப்போய் நான் செய்த தவறு. மொத்தம் எழுபத்து மூன்று தவறுகள். எண் போட்டிருக்கிறேன்.

சிலவற்றை மட்டும் நினைவிலிருந்து உதாரணம் தருகிறேன், ஏனென்றால் இவை இப்போது உங்கள் புத்தகத்தில் இல்லை. தவறு 9: "5.3.2024, செவ்வாய், காலை 10.20. டெர்மினல் என்ற கறுப்புத் திரையில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். 10.21: கோப்பு மறைந்தது. மகிழ்ச்சி. 10.22: அது வேறு கோப்பு என்று தெரிந்தது. 10.23: குப்பைத் தொட்டியில் தேடினேன். இல்லை. கறுப்புத் திரையில் அழித்தால் குப்பைத் தொட்டிக்குப் போகாது, நேராக மேலே போய்விடும் என்று 11.50க்கு மாப்பிள்ளை போனில் சொன்னார். 12.00: வளர்மதி சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை." புதிதாக லினக்ஸ் பழகுகிற ஒருவருக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்? தவறு 12ம் அப்படித்தான். கறுப்புத் திரையில் கடவுச்சொல் அடிக்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது. ஆனால் உள்ளே பதிவாகிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் விசைப்பலகை செத்துவிட்டதென்று முடிவுகட்டி, மடிக்கணினியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறித் திருச்சி வரை போய்வந்தவன் நான். தவறு 31: மருதையாற்றுப் பாலம் பற்றிய கட்டுரையை ஆசிரியர் குழுவுக்கு அனுப்புவதாக நினைத்து, திறந்து பார்க்காமல், மளிகைச் சாமான் பட்டியலை அனுப்பியது. "கட்டுரை சுருக்கமாக, நன்றாக உள்ளது. துவரம்பருப்பு அரை கிலோதானா என்று உறுதிசெய்யவும்" என்று உதவி ஆசிரியர் பதில் போட்டார். அவர் நக்கல் செய்தாரா, உண்மையிலேயே கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த நோட்டைத்தான் டிசம்பரில் தாங்கள் கேட்டீர்கள். சிமெண்ட் ஆலை ஸ்டோரில் இருபத்தொன்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற நீங்கள், ஒரு கல்லூரி கழித்துப்போட்ட எட்டுக் கணினிகளை வாங்கி, மாப்பிள்ளையை வைத்து லினக்ஸ் போட்டு, மாடியில் இலவச வகுப்பு ஆரம்பிக்கிறீர்கள் என்றதும் நான் நெகிழ்ந்துபோனேன். நோட்டைக் கையில் கொடுத்து, "அப்படியே அடிச்சுக் குடுங்க சம்மந்தி. ஒரு எழுத்துகூட மாத்த வேணாம்" என்றேன். "உங்க எழுத்துல கைவைக்க நான் யாரு சம்மந்தி?" என்றீர்கள். அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதத் தோன்றுகிறது. வளர்மதி முறைக்கிறாள். விட்டுவிடுகிறேன்.

தாங்கள் செய்தது என்ன? பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஜெராக்ஸ் கடையில் நோட்டைக் கொடுத்து, "வலது பக்கத்தை மட்டும் அடிங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள். எழுபத்து மூன்று தவறுகளும் போயின. போகட்டும் என்றால், முதல் பக்கமும் போயிற்று. அந்தப் பக்கத்தில் 'எச்சரிக்கை' என்று தலைப்பிட்டு நான் எழுதியிருந்தது இரண்டே வரி: "இதில் காசிநாதன் என்று வரும் இடத்திலெல்லாம் அவரவர் பெயரைப் போட்டுக்கொள்ளவும். கடவுச்சொல்லும் கோப்பின் பெயரும்கூட அவரவர் சொந்தமாக வைத்துக்கொள்ளவும்." இதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பிள்ளையார் சுழியும், தங்கள் முன்னுரையும், மார்பளவுப் புகைப்படமும் போட்டிருக்கிறீர்கள். என் பெயர் அட்டையில் இல்லை. முன்னுரையின் நன்றிப் பட்டியலில் ஜெராக்ஸ் கடைக்காரர் இருக்கிறார், நான் இல்லை. ஆனால் பின்னட்டையில் 'சந்தேகங்களுக்கு அழைக்கவும்' என்று போட்டு ஒரு எண் இருக்கிறது. அது என் கைபேசி எண். பாராட்டு வந்தால் பெரம்பலூருக்கு, புகார் வந்தால் அரியலூருக்கு என்று பிரித்திருக்கிறீர்கள்.

வகுப்பு தொடங்கியது ஜனவரி 19, திங்கள். முதல் புகார் வந்தது 21, புதன், காலை 11.05.

"சார், லினக்ஸ் சார்ங்களா?"

"காசிநாதன் பேசறேன்."

"அட, நானும் காசிநாதன்தாங்க!"

"எந்த ஊருங்க?"

"மிசின்லதாங்க காசிநாதன். ஊர்ல கண்ணையன். முப்பத்திரண்டு வருசம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுனேன் சார். இப்ப ரிட்டையர்டு. போர்டு செத்துப் போச்சு சார். பேரு அடிச்சா வருது, ஊரு அடிச்சா வருது, கறுப்புத் திரையில பாஸ்வேர்டு கேக்கறப்ப மட்டும் மூச்சே காணோம். இதோட மூணு போர்டு மாத்தியாச்சு."

அந்த மூன்று விசைப்பலகைகளையும் நேற்று உங்கள் மாடி அலமாரியில் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் சணல் கயிற்றில் அட்டை கட்டி, 'பழுது' என்று தங்கள் கையெழுத்தில், தேதியோடு எழுதியிருந்தது. மூன்றும் நல்ல விசைப்பலகைகள் சம்பந்தி. தவறு 12ஐ அச்சிட்டிருந்தால் அவை இன்று உயிரோடு இருந்திருக்கும்.

கண்ணையனுக்கு நான் விளக்கினேன். நன்றி சொல்லிவிட்டு, "வளர்மதி அம்மா நல்லா இருக்காங்களா?" என்றார். அவளை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? தெனமும் காலைல அவங்க பேர அடிச்சுத்தானே நாங்க உள்ளயே போறோம். எட்டு பேரும்." நோட்டில் மாதிரிக் கடவுச்சொல்லாக வளர்மதி பெயரையும் எங்கள் கல்யாண வருடத்தையும் எழுதியிருந்தேன். அதையும் அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள். எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. வளர்மதி அடுப்படியிலிருந்து வந்து, "எட்டு பேருமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அது கோபமா, வேறு ஏதாவதா என்று நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கைக்குப் பிறகும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதுவரை நடந்ததை நான் பொறுத்துக்கொண்டேன். இனி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஒரு பெண் அழைத்தார். பெயர் செங்கமலம். வயது முப்பத்தாறு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். பதினாறு வருடமாக ஒரு கமிஷன் மண்டியில் சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்து, தரம் பிரிக்கிறார். செட்டிகுளம் பக்கத்தில் விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற ஒரு வெங்காயக் கம்பெனியில் கணினி வேலைக்கு ஒருவர் தேவை என்று அறிவிப்பு வந்திருக்கிறது. அங்கேயும் லினக்ஸ்தான்; காசு கொடுத்து வேறு வாங்க அவர்களுக்கு வசதியில்லை. அதற்காகத்தான் இவர் மண்டியில் பகல் கூலியை விட்டுவிட்டு உங்கள் வகுப்புக்கு வருகிறார். போனில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பதினாறு வருசமா தரையில குந்தியேதான் சார் சம்பாரிச்சேன். நாக்காலியில உக்காந்து ஒரு மாச சம்பளமாவது வாங்கிப் பாக்கணும்னு இருந்தேன். கெட்டுப் போச்சு சார்."

கம்பெனி அவருக்கு அனுப்பியிருந்த பதிலை எனக்குப் படித்துக் காட்டினார். "தங்கள் விண்ணப்பம் கிடைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் விபத்தின்றிச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியமைக்குப் பாராட்டுகள். எனினும் எங்களிடம் ஓட்டுநர் பணியிடம் எதுவும் இல்லை. தங்களது இடது காது விரைவில் குணமாக வாழ்த்துகிறோம்."

திங்கள் காலை 8.40 பஸ்ஸில் ஏறி நான் பெரம்பலூர் வந்தது இதற்காகத்தான். நலம் விசாரிக்க அல்ல.

மாடியில் எட்டுக் கணினிகளையும் திறந்து பார்த்தேன். எட்டிலும் காசிநாதன். மூலையில் இருக்கிற ஒன்பதாவது பெட்டியில் எல்லோருடைய கோப்புகளும் போய்ச் சேரும்படி மாப்பிள்ளை அமைத்திருக்கிறார். யார் எந்தப் பெயரில் நுழைகிறாரோ அந்தப் பெயருள்ள அறைக்குள் அவர் கோப்பு போகும். நல்ல ஏற்பாடு. ஆளுக்கொரு பெயர் இருந்தால். இங்கே எட்டுப் பேருக்கும் ஒரே அறை. கோப்புக்கு என்ன பெயர் வைப்பது? புத்தகத்தில் நான் எனக்காக எழுதியிருந்த 'பயிற்சி-1'. எட்டுப் பேரும் மாலையில் அதே பெயரில் சேமிக்க, ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதியது ஏறி உட்கார, கடைசியாக யார் சேமித்தாரோ அவருடையதுதான் மிஞ்சும். கடைசியாகச் சேமிப்பவர் யார்? ஒரு விரலால் அடிக்கிற கண்ணையன். லாரி ஓட்டுநர் நல வாரியத்துக்கு உதவித்தொகை கேட்டு அவர் ஒரு மனு எழுதிவருகிறார். மூன்று வாரமாகத் தினமும் அதைச் செம்மைப்படுத்துகிறார். மற்ற ஏழு பேரும் மறுநாள் காலையில் வந்து கோப்பைத் திறந்தால் கண்ணையனின் மனு இருக்கும்.

"ஒருத்தரும் கேக்கலையாம்மா?" என்று செங்கமலத்திடம் கேட்டேன்.

"அன்னன்னைக்குப் பாடம்னு நெனச்சோம் சார். பாத்து பாத்து அடிச்சோம்."

"பாடத்துல எடது காது கேக்காதுன்னு ஏன் வருதுன்னுகூடவா தோணல?"

"தோணுச்சு சார். கேட்டோம். இலவசமா குடுக்கறதுல அப்படித்தான் இருக்கும், குத்தம் பாக்காம அடிங்கன்னு வகுப்பு எடுக்கற பெரியவரு சொல்லிட்டாரு."

கண்ணையன் எங்களைப் பார்த்துப் பெருமையோடு சிரித்தார். "எம் மனு எல்லாருக்கும் மனப்பாடம் சார். நான் ஒரு வரிய மறந்தா அந்தப் பொண்ணு எடுத்துக் குடுக்கும்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. மனுவும் நன்றாகவே வந்திருக்கிறது.

போன வியாழக்கிழமைப் பாடம், விண்ணப்பம் எழுதுவது. உங்கள் புத்தகம், பக்கம் 12: 'விண்ணப்பம்-1 என்ற பெயரில் சேமிக்கவும்.' செங்கமலம் தன் வேலை விண்ணப்பத்தை எழுதி 4.05க்குச் சேமித்தார். கண்ணையன் தன் மனுவை அதே பெயரில் 4.25க்குச் சேமித்தார். வெள்ளி காலை செங்கமலம் அந்தக் கோப்பை இணைத்துக் கம்பெனிக்கு அனுப்பினார். புதிய கோப்பு ஆனதால் சந்தேகப்படவில்லை. அனுப்புமுன் திறந்து பார்க்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை. தவறு 31 இருந்திருந்தால் சொல்லியிருக்கும். என் துவரம்பருப்பு இந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கும் சம்பந்தி! அதைத்தான் நீங்கள் கழித்துப் போட்டீர்கள்.

நல்லவேளையாகக் கம்பெனி மேலாளர் நல்ல மனிதர் போலிருக்கிறது. நேற்று உங்கள் மாடியிலிருந்தே நான் போன் செய்து பேசியதில், சரியான விண்ணப்பத்தோடு நாளை, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு மற்றவர்களோடு தேர்வுக்கு வரட்டும் என்றார். அந்தத் தேர்வோடு இந்தப் பெண்ணின் நாற்காலி இருக்கிறதா இல்லையா என்பது முடிந்துவிடும். உங்களிடமிருந்த என் நோட்டை, இடது பக்கங்களோடு, செங்கமலத்திடமே கொடுத்துவிட்டேன். இருபது மாதத்தில் நான் பழகியதை இரண்டு நாளில் அவர் படிக்க வேண்டும். யாரால்?

இதை நான் உங்களிடம் நேற்று நேரிலேயே கேட்டேன். "ஏன் சம்மந்தி இடது பக்கத்தையெல்லாம் எடுத்தீங்க?" என்றேன். நீங்கள் பதறாமல் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "நீங்க தப்புத் தப்பா செஞ்சதையெல்லாம் எட்டு பேரு படிச்சா நல்லாவா இருக்கும் சம்மந்தி? போர்டு செத்துப் போச்சுன்னு திருச்சி வரைக்கும் தூக்கிட்டுப் போனாரு, இவரு பொண்ணைத்தான் நம்ம மணி கட்டியிருக்கான்னு நாலு பேரு பேச மாட்டாங்க? உங்க மானம் வேற, எங்க வூட்டு மானம் வேறயா? அதான் அட்டையிலயும் பேரைப் போடல."

பிறகு முதல் பக்கத்து எச்சரிக்கையைப் பற்றிக் கேட்டேன். "நல்ல காரியம் ஆரம்பிக்கறப்ப எச்சரிக்கைன்னா ஆரம்பிப்பாங்க? மங்களமா இருக்க வேணாமா?" என்றீர்கள்.

இதற்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் பஸ் ஏறிவிட்டேன். வாலிகண்டபுரம் பக்கம் ஒரு சாவுக் கேதத்துக்குப் போய்த் திரும்பிய கூட்டம் பஸ் நிறைய நின்றது. அரியலூர் வரும் வரை பதில் கிடைக்கவில்லை. இன்று காலைதான் கிடைத்தது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன். என் மானத்தைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் மாவட்டத்தில் யார் யாருடைய தவறுகளையோ கிழமை, மணி போட்டு ஊருக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன், தன் தவறை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டுவதா? சேதமான சரக்கை ஸ்டோரில் வைக்கக் கூடாது என்பது உங்கள் உத்தியோகப் பழக்கம். என் எழுபத்து மூன்று தவறுகளையும் சேதக் கணக்கில் கழித்துவிட்டீர்கள். அந்த நோட்டில் சரக்கே அதுதான் சம்பந்தி. மிச்சமிருக்கும் வலது பக்கம் எல்லா இடத்திலும் கிடைக்கும், மாப்பிள்ளைக்கே தெரியும். விழுந்த இடத்தில் ஒரு கல்லை நட்டுவைத்தால்தான் பின்னால் வருகிறவன் விலகிப் போவான். நீங்கள் கல்லையெல்லாம் பிடுங்கி, பாதையைக் கூட்டி, கோலம் போட்டு வைத்திருக்கிறீர்கள். எட்டுப் பேரும் அதே குழியில் விழுந்திருக்கிறார்கள்.

வளர்மதி இந்தப் பத்தியைப் படித்தாள். "நல்ல எண்ணத்துலதானே செஞ்சிருக்காரு மனுசன். உங்களுக்கு ஆவாதவங்களா இருந்தா ஒண்ணு வுடாம அச்சடிச்சு ஊர் பூரா ஒட்டியிருப்பாங்க" என்றாள். நல்ல எண்ணம் இருந்தது என்பதை நான் ஏற்கிறேன். செய்தியில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கிறேன் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். ஆனால் ஒரு வரிதான்.

ஆகவே முப்பது பிரதிகளையும் திரும்பப் பெறுங்கள். என் தவறுகளைத் திருப்பித் தாருங்கள். இடது பக்கங்களையும் சேர்த்து, எண் மாறாமல், மணி மாறாமல், நான் சாப்பிடப் போகாதது உட்பட, மறுபடி அச்சிடுங்கள். எச்சரிக்கை முதல் பக்கத்தில் வரட்டும். மங்களம் வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பெயரை அட்டையில் போடுங்கள், இல்லையென்றால் என் எண்ணைப் பின்னட்டையிலிருந்து எடுங்கள். எட்டுப் பேருக்கும் எட்டுப் பெயர் கொடுங்கள். நாளை செங்கமலத்துக்கு வேலை கிடைக்காமல் போனால், அந்த மண்டிக்கே வந்து, அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து நீங்களே காரணம் சொல்ல வேண்டும். நானும் வந்து உட்காருகிறேன். பெண் கொடுத்தவன் என்ற முறையில் உங்களைத் தனியாக உட்காரவிட மாட்டேன்.

சனிக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போகிறோம். உங்கள் இருவர் பெயருக்கும் அர்ச்சனை செய்யப்போவதாக வளர்மதி சொல்கிறாள், செய்வாள். நானும் பக்கத்தில் நின்று கும்பிடுவேன். தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் வணக்கங்கள். குடும்பம் தழைத்து, தேக ஆரோக்கியத்தோடு, பிறர் எழுத்தில் கைவைக்காமல் பல்லாண்டு வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உண்மையும் வருத்தமும் உள்ள,
காசிநாதன்

பின்குறிப்பு (13.2.2026, வெள்ளி, மாலை 6.20): மேலே உள்ள கடிதத்தைச் செவ்வாய்க்கிழமையே அனுப்பியிருக்க வேண்டும். "பரிச்ச முடியட்டும், அப்புறம் திட்டிக்கலாம்" என்று வளர்மதி உறையை வாங்கி அரிசி டிரம்மில் போட்டுவிட்டாள். அதனால் இதையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று.

செங்கமலத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. மார்ச் 2 முதல் வரச் சொல்லியிருக்கிறார்கள். மேலாளரிடமும் விசாரித்துச் செய்தியை உறுதிப்படுத்திக்கொண்டேன்.

தேர்வுக்கு நான்கு பேர் வந்திருக்கிறார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு விவசாயிகளின் பட்டியலைக் கொடுத்து, அடித்துச் சேமிக்கச் சொன்னார்களாம். மற்ற மூவரும் அடித்துச் சேமித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். இவர் மட்டும் சேமிக்குமுன் கையை எடுத்துவிட்டு, "இப்ப யாரு பேர்ல சார் உள்ள இருக்கோம்? இதே பேர்ல வேற யாரும் இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார். மேலாளர் எழுந்து போய்ப் பார்த்தால், அலுவலகத்திலிருக்கும் நான்கு கணினியிலும் ஒரே பெயர், கோப்பெல்லாம் ஒரே அறை. இரண்டு வருடமாகக் கோப்புகள் காணாமல் போய்க்கொண்டே இருந்தனவாம். பேய் பிடித்திருக்கிறதென்று போன ஆடியில் பூசணிக்காய்கூட உடைத்திருக்கிறார்கள். மற்ற மூவர் அடித்த பட்டியலில் கடைசியாக அடித்தவருடையது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. மேலாளர் அந்த இடத்திலேயே இவருக்கு வேலை உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"என் நோட்டுல எந்தப் பக்கம்மா உதவுச்சு?" என்று போனில் ஆவலோடு கேட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்க சார், நோட்ட நான் பிரிக்கவே இல்ல. பஸ்ல தூங்கிட்டேன். நாங்களே வுழுந்து எந்திரிச்சோமில்ல சார், அதுதான் நெனப்புல நிக்குது. நீங்க செஞ்ச தப்ப படிச்சிருந்தா படிச்சதோட போயிருக்கும்" என்றார்.

ஆகவே மேலே நான் எழுதிய குற்றச்சாட்டுகள் அனைத்தும் ரத்து. தாங்கள் என் தவறுகளை எடுத்ததால்தான் அவர்களால் அவரவர் தவறுகளைச் செய்ய முடிந்தது. பிரதிகளைத் திரும்பப் பெற வேண்டாம். ஆனாலும் கடிதத்தை அனுப்புகிறேன். நான் எழுதியதிலிருந்து ஒரு பத்தியைக்கூட நானாக எடுத்த பழக்கமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செங்கமலம் இந்த மூன்று வாரமும் சும்மா இருக்கவில்லை. அவரும் ஒரு நோட்டு எழுதியிருக்கிறார். நாற்பத்து நான்கு பக்கம். அடுத்த வகுப்புக்குப் பயன்படட்டும், பிழைதிருத்திக் கொடுங்கள் என்று நேற்று என் நோட்டோடு சேர்த்து அனுப்பியிருந்தார். இன்று மதியம் இரண்டு மணிக்குச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். நல்ல பெண், இப்போதுதான் வேலைக்குப் போகப்போகிறார், வெங்காயக் கையோடு தொட்டுத் தொட்டு விசைப்பலகை பிசுபிசுத்ததும், கோப்பு அழிந்தது எப்படி என்று தெரியாமல் பாத்ரூமில் போய் அழுததும் கம்பெனிக்காரர்கள் கண்ணில் பட வேண்டுமா என்று தோன்றியது. ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தேன். ஐந்தரை மணிக்கு வளர்மதி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன இது, பக்கம் பூரா ரத்தமா இருக்கு?" என்றபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். பதினொரு பக்கம்தான் மிச்சமிருந்தது.

அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இந்த விஷயத்தில் அனுபவம் உள்ளவர் தாங்கள் ஒருவர்தான். நாளை கோயில் முடிந்து நேராகப் பெரம்பலூர் வருகிறேன். வரும் வழியில் அவரும் ஏறிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். தாங்கள் தயவுசெய்து வாசலிலேயே நிற்கவும். பேச்சை நீங்களே ஆரம்பித்துவிட்டால் நல்லது.